காப்பி பழகுவது கல்லூரியில், பிடிபடுவது பிஎச்டியில்: விதி எங்கே கோட்டை விட்டது?

ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் அடுத்தவர் எழுத்து இருந்தால், ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. 2018 முதல் இந்தியா முழுவதும் இதுதான் விதி. அதே மாணவர் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் கொடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அட்டை முதல் அட்டை வரை சீனியருடையது என்றால்? அந்த விதியில் அதற்குத் தண்டனை கிடையாது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை விதி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

கல்வியில் நேர்மை பற்றிப் பேச்சு வந்தாலே பிஎச்டி, பேராசிரியர், சாஃப்ட்வேர் என்றுதான் விவாதம் போகிறது. ஆனால், பழக்கம் தொடங்குவது அங்கே இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த தேசூர் போன்ற ஊர்களில் இருந்து, வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறார்களே, அவர்களின் வகுப்பறையில் தொடங்குகிறது. அதிகமாக நஷ்டப்படுவதும் அவர்கள்தான்.

விதி என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, கல்வி நேர்மை மற்றும் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளை 2018 ஜூலையில் வெளியிட்டது. ஆய்வேடுகளுக்கு அதில் நான்கு நிலைகள் உண்டு.

• 10 சதவீதம் வரை ஒற்றுமை: தண்டனை இல்லை.
• 10-க்கு மேல் 40 வரை: திருத்தி, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.
• 40-க்கு மேல் 60 வரை: திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டுத் தடை.
• 60-க்கு மேல்: பதிவு ரத்து.

வெளியான கட்டுரைகள், நூல்கள் என்றால் பேராசிரியர்களுக்கும் தண்டனை உண்டு. இரண்டாம் நிலைக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, இரண்டு ஆண்டுகள் புதிய ஆய்வு மாணவரைச் சேர்க்க முடியாது. மூன்றாம் நிலைக்கு இரண்டு ஊதிய உயர்வுகள் போகும், மூன்று ஆண்டுகள் தடை. புகார் வந்தால் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு விசாரிக்கும். ஒவ்வொன்றுக்கும் 45 நாள் கெடு.

காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால், எந்தெந்த எழுத்துக்கு இது பொருந்தும் என்று சொல்லும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்காகக் கொடுக்கும் ஆய்வேடுகள், வெளியிடும் கட்டுரைகள், நூல்கள் ஆகியவை உள்ளே. அசைன்மென்ட், பருவக் கட்டுரை, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் ஆகியவை வெளியே என்று விதியே சொல்கிறது.

இளங்கலை மாணவர்களுக்கு விதியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும், நேர்மையின் அடிப்படைகளை இளங்கலைப் பாடத்திட்டத்திலேயே கட்டாயப் பகுதியாக வைக்க வேண்டும் என்று அதே 2018 விதி சொல்கிறது. மேற்கோள் காட்டுவது எப்படி என்று சொல்லித் தரும் கடமை கல்வி நிறுவனத்துக்கு இருக்கிறது. தண்டனைப் பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். கற்றுக்கொடுக்கும் பகுதியைத்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ரெக்கார்டு நோட்டில் தொடங்குகிறது

தமிழ்நாட்டில் பள்ளி முடித்த யாருக்கும் இது புதிதல்ல. பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டை, நல்ல கையெழுத்துள்ள ஒருவருடைய நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். சோதனையில் வந்த அளவு ஒன்று, நோட்டில் வரும் அளவு வேறு. "ரீடிங் சரியா வரலையா? பக்கத்துல பார்த்துப் போடு" என்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. கல்லூரிக்குப் போனால் அசைன்மென்ட்டுக்கு இணையம், ப்ராஜெக்ட்டுக்கு சீனியரின் ஃபைல். பணம் இருந்தால் ப்ராஜெக்ட் சென்டர். பெயர், பதிவு எண், நன்றியுரை மட்டும் மாறும். ஸ்பைரல் பைண்டிங் போட்டால் வேலை முடிந்தது.

"எல்லாரும் இதைத்தானே சார் பண்றாங்க?" என்ற கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் புத்தகத்தில் இருப்பதை வார்த்தை மாறாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண். சொந்தமாக எழுதினால் "புக்ல இப்படி இல்லையே" என்று சிவப்பு மை. அப்படிப் பழகிய ஒருவரிடம் கல்லூரியில் திடீரென்று "உன் சொந்த வார்த்தையில் எழுது" என்றால் கை ஓடுமா? அதிலும் தமிழ் வழியில் படித்தவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றால் சொல்லவே வேண்டாம். தப்பான ஆங்கிலத்தில் தன் கருத்தை எழுதுவதைவிட, சரியான ஆங்கிலத்தில் அடுத்தவர் கருத்தை வைப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றிவிடும்.

ஆனால், இதற்கான விலையைக் கொடுப்பவர் யார்? கேம்பஸ் இன்டர்வியூவில் முதல் கேள்வியே "உங்க ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லுங்க" என்பதுதான். வீட்டில் இன்ஜினீயரோ பேராசிரியரோ இருப்பவர் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். தறியில் கிடைக்கும் கூலியில் ஃபீஸ் கட்டிப் படித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சான்றிதழ் இருக்கும், அதைத் தாங்கிப் பிடிக்கும் திறமை இருக்காது. தானே உட்கார்ந்து எழுதியவர் நிலை இன்னும் மோசம். கடையில் வாங்கிய பளபளப்பான ரிப்போர்ட்டுக்கு அவருடையதைவிட அதிக மதிப்பெண் விழும். நேர்மையாக இருப்பவர்தான் ஏமாளி என்று ஒரு வகுப்பே பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

மேலே இருப்பவர்கள் செய்தால்?

மாணவரைக் குறை சொல்லும் முன் மேல்மட்டத்தையும் பார்க்க வேண்டும்.

2002-இல் உத்தராகண்டின் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி.எஸ்.ராஜ்புத் பெயரில் வெளிவந்த இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெனாட்டா கல்லோஷின் 1996-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்து எடுக்கப்பட்டது என்று புகார் எழுந்தது. பிரச்சினையை வெளியே பேசிய இயற்பியல் துறைத் தலைவர்தான் முதலில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஸ்டான்ஃபோர்டின் ஏழு இயற்பியலாளர்கள், அவர்களில் மூவர் நோபல் பரிசு பெற்றவர்கள், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணைக்குப் பிறகு 2003-இல் ராஜ்புத் பதவி விலகினார்.

தேசூருக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம். அதன் துணைவேந்தராக இருந்த சந்திரா கிருஷ்ணமூர்த்தி மீது, அவருடைய நூலில் கருத்துத் திருட்டு, தன்விவரக் குறிப்பில் தவறான தகவல் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2015-இல் மாணவர்களும் ஆசிரியர்களும் போராடினார்கள். மத்திய அரசு அவரைக் கட்டாயக் காத்திருப்பில் வைத்தது. மறு ஆண்டு அவர் பதவியை விட்டு வெளியேற நேர்ந்தது.

எல்லாச் சம்பவமும் ஒரே ரகம் அல்ல. 2011-இல் விஞ்ஞானி சி.என்.ஆர்.ராவ் பெயரும் இடம்பெற்ற ஒரு கட்டுரையின் அறிமுகப் பகுதியில், வேறொரு கட்டுரையின் வரிகள் அப்படியே இருந்தது தெரியவந்தது. ஆய்வு முடிவுகள் அவர்களுடையவைதான், வரிகள்தான் இரவல். கட்டுரை ஆசிரியர்கள் அதே இதழில் மன்னிப்புக் கேட்டார்கள். நாட்டின் உச்ச ஆய்வு நிறுவனத்திலேயே அறிமுகப் பத்தியை எழுதும்போது கை இரவலுக்குப் போகிறது என்றால், கிராமத்தில் இருந்து வந்த இளங்கலை மாணவருக்கு மேற்கோள் காட்டத் தானாகவே தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

தலைமைப் பொறுப்பில் உள்ளவர் மீது புகார் வந்தால் அவருக்கு மேலுள்ள அதிகார அமைப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2018 விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால், புகார் கொடுப்பவரின் வேலை பாதுகாப்பாக இருந்தால்தான் அந்த வரிக்கு உயிர் வரும். குமாவுன் சொல்லும் பாடம் அதுதான்.

சதவீதம் சொல்லாத விஷயங்கள்

2019 முதல் 'ஷோத்சுத்தி' திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஒற்றுமை கண்டுபிடிக்கும் மென்பொருள் கிடைக்கிறது. இது பயனுள்ள கருவிதான். ஆனால், அது சொல்வது ஒற்றுமையை மட்டுமே, திருட்டை அல்ல. இந்த வித்தியாசம் மறந்துபோனதால், "பர்சன்டேஜைக் குறைச்சுக் கொடுங்க" என்பதே தனித் தொழிலாகிவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்திலும் நாலு வார்த்தையை மாற்றினால் எண் இறங்கிவிடும். கருத்து யாருடையதோ அவருடையதாகவே இருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னும் சில சிக்கல்கள் உண்டு. பொதுவாகத் தெரிந்த விஷயமோ தற்செயலான ஒற்றுமையோ என்றால், தொடர்ச்சியாக 14 வார்த்தைகள் வரை விட்டுவிடலாம் என்கிறது விதி. ஆங்கிலத்தில் 14 வார்த்தை என்பது ஒரு சின்ன வாக்கியம். தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதே ஒரு வார்த்தை. 14 தமிழ் வார்த்தைக்குள் ஒரு முழு வாதத்தையே அடக்கிவிடலாம்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததும், வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றியதுமான ஆய்வேடுகளை மென்பொருளால் ஒழுங்காகப் படிக்க முடியாது. அதில் இருந்து எடுத்து யூனிகோடில் புதிதாக அடித்தால் ஒற்றுமை கண்ணில் படாது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தன் பெயரில் போட்டாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சதவீதக் கணக்கே ஆட்டம் கண்டுவிட்டது. ஏஐ எழுதித் தருவது வேறெங்கும் இல்லாத வரிகள், அதனால் ஒற்றுமை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். சரி, ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்க இன்னொரு கருவி வைத்தால்? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் 'ஏஐ எழுதியது' என்று தவறாகச் சொன்னதைக் காட்டியது. எளிய ஆங்கிலத்தில் உண்மையாக எழுதும் தமிழ் வழி மாணவர்மீதுதான் சந்தேகம் முதலில் விழும். கருவியின் தீர்ப்பை மட்டும் நம்பி ஒருவரின் பட்டத்தை நிறுத்துவது பெரிய அநியாயம்.

'வழி' சொல்வது வெளிநாட்டு வழக்கமா?

"ரெஃபரன்ஸ் போடுறதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்தது" என்ற பேச்சு உண்டு. தமிழ் இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. தொகுப்பது, விரிப்பது, இரண்டையும் சேர்த்துச் செய்வது, மொழிபெயர்ப்பது என வழிநூலில் நான்கு வகை. முன்னவரிடமிருந்து எடுத்துக்கொள்வது குற்றம் இல்லை, அது அங்கீகாரம் பெற்ற வேலை.

ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டிய செய்திகளைப் பட்டியலிடுகிறது. முதலில் ஆசிரியர் பெயர். அதற்கு அடுத்ததே 'வழி', அதாவது எந்த நூலின் வழியில் இது வந்தது என்ற விவரம். எழுதியவர் யார் என்று சொன்ன கையோடு, எங்கிருந்து எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னாளில் உ.வே.சாமிநாதையர் தன் பதிப்புகளின் முன்னுரைகளில் ஏடு கொடுத்து உதவியவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும் இதே நேர்மைதான்.

நெசவு ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். மயில், அன்னம், ருத்திராட்சம் போன்ற உருக்கள் யாருக்கும் சொந்தம் இல்லை. ஒருவர் சேலையைப் பார்த்து இன்னொருவர் பார்டர் போடுவதும் நடப்பதுதான். ஆனால், விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றால் அது மோசடி. பார்டர் போட்ட பட்டுச் சேலை உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிப் பாதுகாக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பதும், இது எங்கே, யார் கையில் உருவானது என்ற உண்மைக்கு விலை இருப்பதால்தான். எடுத்துக்கொள்வது தப்பில்லை, எங்கிருந்து என்பதை மறைப்பதுதான் தப்பு. துணிக்குப் பொருந்தும் நியாயம் ப்ராஜெக்ட்டுக்கும் பொருந்த வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

காப்பியடிக்க முடியாத கேள்வியைக் கொடுப்பது. 'சிறுதொழில்களின் பிரச்சினைகள்' என்று தலைப்பு கொடுத்தால் இணையத்தில் ஆயிரம் கட்டுரைகள் கிடைக்கும். 'தேசூர்ப் பக்கம் ஐந்து தறிகளில் கடந்த மூன்று மாதம் சேலைக்குக் கிடைத்த கூலி' என்று கேட்டால் எங்கேயும் கிடைக்காது, போய்த்தான் கேட்க வேண்டும். வணிகவியல் மாணவர் ஜரிகை விலையைத் தொடரலாம். வேதியியல் மாணவர் சாயம் எவ்வளவு நிற்கிறது என்று சோதிக்கலாம். தமிழ் மாணவர் தறிச் சொற்களைத் தொகுக்கலாம். கணினி மாணவருக்கு ஜக்கார்டு அட்டையே பாடம். ஓட்டை இருந்தால் நூல் மேலே, இல்லாவிட்டால் கீழே என்ற அந்த முறைதான் பிற்காலத்தில் கணினிகளின் பஞ்ச் கார்டுக்கு முன்னோடி. தகவல் கொடுத்த நெசவாளரின் பெயரை, அவர் சம்மதித்தால், ரிப்போர்ட்டில் போடுவதே மேற்கோள் காட்டுவதற்கான முதல் பயிற்சி.

முடிவை மட்டும் அல்ல, வழியையும் பார்ப்பது. "போகாமலே போனதா எழுதிட்டா?" என்ற கேள்வி வரும். அதனால்தான் களக்குறிப்பு நோட்டு, முதல் வரைவு, திருத்திய வரைவு மூன்றுக்கும் மதிப்பெண் வேண்டும். கடைசியில் நேரில் பத்து நிமிடம் கேள்வி. 40 பேர் வகுப்புக்கு 400 நிமிடம், ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. தானே செய்தவர் தடுமாறினாலும் பதில் சொல்வார். வாங்கி வந்தவருக்கு இரண்டாவது கேள்வியே கஷ்டம்.

முதல் பருவத்திலேயே சொல்லித் தருவது. பிஎச்டி மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்ற தனிப் பாடம் கட்டாயம். அதில் நான்கில் ஒரு பங்காவது இளங்கலை முதல் ஆண்டுக்கு இறங்கி வர வேண்டும், அதுவும் தமிழில். மேற்கோள் குறி எங்கே, கருத்தை மட்டும் எடுத்தால் என்ன செய்வது, ஏஐயிடம் என்ன கேட்கலாம், கேட்டதை எப்படிச் சொல்வது என்று கற்றுத்தர நான்கைந்து வகுப்புகள் போதும்.

மொழிப் பயத்தைப் போக்குவது. தமிழில் எழுத விரும்புபவரைத் தமிழில் எழுத விட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு, சொந்தமாக எழுதிய தப்பான வாக்கியத்துக்குக் கடன் வாங்கிய சரியான வாக்கியத்தைவிட அதிக மதிப்பு என்று மதிப்பெண் வழியாகவே காட்ட வேண்டும்.

முதல் தவறுக்குத் திருத்தம், திரும்பச் செய்தால் தண்டனை. பிஎச்டிக்கே 40 சதவீதம் வரை திருத்திக் கொடுக்க வாய்ப்பு தருகிறது விதி. பத்தொன்பது வயதில் முதல்முறை தவறியவருக்கு அதைவிடக் கடுமை தேவையில்லை. மறுபடி எழுதவைப்பதே போதும். ஆனால், அதைக் கட்டாயம் எழுதவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆசிரியர்களின் நேரம் வேண்டும். குறைந்த தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளரின் தலையில் இதையும் கட்டிவிட்டு, நேர்மையை எதிர்பார்க்க முடியாது. காலிப் பணியிடங்களை நிரப்புவதும் கருத்துத் திருட்டுத் தடுப்பு நடவடிக்கைதான் என்பதை அரசு புரிந்துகொள்ள வேண்டும்.

கண் முன்னே இருக்கும் ஒரு வழி

2011-இல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் பதவி இழந்ததற்குக் காரணம் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு. திருடிய பத்திகளைப் பொதுமக்களே இணையத்தில் கூடி, பக்கம் பக்கமாகக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலும் 'ஷோத்கங்கா' தளத்தில் ஆய்வேடுகள் எல்லாரும் படிக்கத் திறந்தே இருக்கின்றன. இளங்கலை ப்ராஜெக்ட்களில் நல்லவற்றையாவது ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் போடலாம். ஊர்க்காரர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தால், பொய்யான கூலிக் கணக்கை எழுத யாருக்கும் கை வராது. "இது நம்ம ஊரு தறி இல்லையே" என்று சொல்ல ஒருவர் போதும். எந்த மென்பொருளும் அந்த வேலையைச் செய்யாது.